ரிமோட் தொலைந்துவிட்டது, கார் அலறுகிறது: அறிகுறியை வைத்து அலாரத்தை அடக்கும் வழி

சைரன் அலறத் தொடங்கியதும் பலரும் செய்வது பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றுவதுதான். சில கார்களில் அதோடு சத்தம் நிற்கும். பல கார்களில் நிற்காது. நின்றாலும், ஒயரைத் திரும்ப மாட்டிய நொடியில் விட்ட இடத்திலிருந்து அலறும். காரணம் எளிது: சத்தத்தை நிறுத்துவது வேறு, அலாரத்தை விடுவிப்பது வேறு. அலாரம் தன் நினைவில் "பூட்டப்பட்ட நிலை" என்று குறித்து வைத்திருக்கும் வரை, மின்சாரம் கிடைக்கும் போதெல்லாம் அது தன் வேலையைச் செய்யும். எனவே முதலில் விடுவிக்கப் பாருங்கள். அது முடியாதபோதுதான் ஃபியூஸும் பேட்டரியும்.

சைரன் பக்கத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கார் அலாரத்துக்கான ஐ.நா. ஒழுங்குமுறையே 2 மீட்டர் தூரத்தில் குறைந்தது 105 டெசிபல் சத்தம் வேண்டும் என்கிறது. பானெட்டுக்குள் தலையை விட்டால் தூரம் அரை மீட்டர்கூட இருக்காது.

கம்பெனி அலாரமா, வெளியில் பொருத்தியதா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொட வேண்டாம். இரண்டுக்கும் வழி வேறு.

தொலைந்த ரிமோட் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சாவியின் தலையிலேயே பட்டன்கள், அதில் கார் தயாரிப்பாளரின் சின்னம் என்றால் பெரும்பாலும் கம்பெனி அலாரம். சாவி தனி, ரிமோட் தனி, ரிமோட்டில் வேறு ஏதோ பெயர் அல்லது பெயரே இல்லை என்றால் வெளியில் பொருத்தியது. பழைய கார் வாங்கியவர்களுக்கு இது தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. அப்போது காரிலேயே அடையாளம் தேடலாம். டேஷ்போர்டின் ஓரத்திலோ முன்கண்ணாடித் தூண் பக்கத்திலோ துளை போட்டு ஒட்டிய சிறிய சிவப்பு அல்லது நீல எல்இடி, பானெட்டுக்குள் புனல் வடிவில் தனியாக முடுக்கிய கறுப்பு சைரன், கண்ணாடியின் மூலையில் அலாரம் நிறுவனத்தின் ஸ்டிக்கர். இவற்றில் இரண்டு இருந்தால் வெளியில் பொருத்தியதுதான்.

இன்னொரு தடயம் சத்தம். காரின் சொந்த ஹாரனே விட்டுவிட்டு அடிக்கிறது என்றால் கம்பெனி அலாரமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆறு விதமாக ராகம் மாற்றி அலறுகிறது என்றால் வெளியில் பொருத்திய சைரன். ஆனால் கம்பெனி அலாரத்திலும் தனி சைரன் உள்ள கார்கள் உண்டு. எனவே சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அறிகுறி: கையில் சாவி இருக்கிறது, ரிமோட் மட்டும் இல்லை, கார் அலறுகிறது

கம்பெனி அலாரமானால் பெரும்பாலும் இங்கேயே வேலை முடிந்துவிடும்.

1. ஓட்டுநர் பக்கக் கதவைச் சாவியால் திறங்கள். கைப்பிடியில் சாவித்துளை தெரியவில்லை என்றால் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். மூடியின் அடியில் உள்ள வெட்டில் சாவி முனையை விட்டு மெதுவாக நெம்பினால் கழன்றுவிடும்.
2. உள்ளே அமர்ந்து கதவைச் சாத்துங்கள்.
3. சாவியை இக்னிஷனில் போட்டு, டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரியும் ஆன் நிலை வரை திருப்புங்கள். ரேடியோ மட்டும் வேலை செய்யும் முதல் நிலை போதாது.
4. 10 விநாடி அப்படியே விடுங்கள். நிற்கவில்லை என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? சாவியின் தலைக்குள் பேட்டரி தேவைப்படாத ஒரு சிறிய சிப் இருக்கிறது. இக்னிஷன் துளையைச் சுற்றியுள்ள சுருள் ஆன்டெனா அந்தச் சிப்புக்கு அருகிலிருந்தே மின்சாரம் ஊட்டி அதன் எண்ணைக் கேட்கிறது. எண் சரியாக இருந்தால் காருக்கு உரிமையாளர் வந்துவிட்டார் என்று தெரிந்துவிடும், அலாரம் அடங்கிவிடும். ரிமோட் பட்டனுக்கும் இந்தச் சிப்புக்கும் தொடர்பில்லை. ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தாலும் இரண்டும் தனித்தனி வேலை.

ஸ்டார்ட் பட்டன் உள்ள கார்களிலும் இதே கதைதான். வீட்டில் கிடந்த இரண்டாவது சாவியின் பேட்டரி செத்துப்போயிருந்தாலும் கவலை வேண்டாம். அதன் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறங்கள். பிறகு சாவிக்கூட்டை ஸ்டார்ட் பட்டன்மீதே வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். சில கார்களில் வைக்க வேண்டிய இடம் ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் சாவிப் படம் போட்ட இடம். சிலவற்றில் நடுப்பெட்டிக்குள் உள்ள பள்ளம் அல்லது கப் வைக்கும் குழியின் அடி. காரின் கையேட்டில் இது கட்டாயம் இருக்கும்.

அறிகுறி: அமைதியாக இருந்த கார், சாவியால் கதவைத் திறந்ததும் அலறத் தொடங்கியது

இது பழுது இல்லை. பல கார்கள் இப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ரிமோட்டில் பூட்டிய காரை இரும்புச் சாவியால் மட்டும் திறந்தால், பூட்டை யாரோ நெம்பித் திறந்ததாகவே கார் எடுத்துக்கொள்ளும். பதறாமல் உள்ளே போய் இக்னிஷனை ஆன் செய்தால் நிற்கும். சில கார்கள் கதவைத் திறந்ததும் சில விநாடி அவகாசம் தரும். அதற்குள் ஆன் செய்துவிட்டால் சத்தமே வராது. அடுத்த முறை சாவியை உருவிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கதவைத் திறங்கள்.

ஓட்டுநர் கதவை விட்டுவிட்டு டிக்கியையோ மற்றக் கதவையோ திறக்க வேண்டாம். விடுவிக்கும் தகவல் ஓட்டுநர் கதவின் சாவித்துளைக்கு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும் கார்கள் நிறைய.

அறிகுறி: சாவி சரியாகத் திறக்கிறது, ஆனால் இக்னிஷன் ஆன் செய்தும் நிற்கவில்லை

இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, அது சிப் இல்லாத டூப்ளிகேட் சாவி. இரும்பு வெட்டு சரியாக இருப்பதால் கதவு திறக்கும், இக்னிஷனும் திரும்பும். ஆனால் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு வேகமாகக் கண் சிமிட்டும். அப்படியானால் ஒரிஜினல் சாவி வேண்டும், வேறு வழி இல்லை. ஒரிஜினல் சாவியிலேயே அந்த விளக்கு சிமிட்டினால் கொத்திலிருந்து அதைத் தனியாகக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு சிப் சாவி தொங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி ஆன்டெனாவைக் குழப்பிவிடும்.

இரண்டாவது, அலாரம் வெளியில் பொருத்தியது. அதற்குச் சாவியைப் பற்றி எதுவும் தெரியாது. அது எதிர்பார்ப்பது தன் ரிமோட்டை, அல்லது வேலே பட்டனை.

வேலே பட்டன் என்பது ரிமோட் இல்லாத நேரத்துக்கென்றே அலாரத்தோடு வரும் அவசரச் சுவிட்ச். நல்ல பொருத்துநர் அதைக் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் ஒளித்திருப்பார். தேட வேண்டிய வரிசை இது: ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியின் அடிவிளிம்பு, உள் ஃபியூஸ் பெட்டியின் ஓரம், ஓட்டுநரின் வெளிப்பக்கக் காலுக்கு அருகே பக்கவாட்டுத் தகடு, நடுப்பெட்டியின் உள்பக்கம், கிளவ் பாக்ஸின் உள்ளே அல்லது பின்னால். விரல் நுனி அளவுக் கறுப்புப் பட்டனாக இருக்கும். பழைய அலாரங்களில் மேலும் கீழும் தட்டும் சிறு சுவிட்சாக இருக்கலாம். கண்ணால் தேடுவதைவிட விரலால் தடவித் தேடுவது விரைவு.

கிடைக்கவில்லை என்றால் எல்இடியைப் பிடித்துப் போங்கள். டேஷ்போர்டில் சிமிட்டும் அந்த எல்இடியின் மெல்லிய இரட்டை ஒயர் நேராக அலாரத்தின் மூளைப் பெட்டிக்குப் போகும். உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி அது. ஸ்டியரிங் தண்டுக்கு மேலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ பிளாஸ்டிக் டேக்கால் கட்டப்பட்டிருக்கும். எல்இடியின் பிளக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு இரண்டு பின் பிளக் இருக்கும். அந்த ஒயர் போய்ச் சேரும் இடம்தான் வேலே பட்டன். அந்த இடத்தில் பிளக் எதுவும் மாட்டாமல் குழி வெறுமையாக இருந்தால், பொருத்தியவர் பட்டனை வைக்கவே இல்லை என்று பொருள். வருத்தமான விஷயம்தான், ஆனால் நடக்கிறது.

பட்டன் கிடைத்ததும்:

1. எல்லாக் கதவுகளையும் சாத்துங்கள். அலாரம் அலறிக்கொண்டே இருக்கட்டும்.
2. இக்னிஷனை ஆன் செய்யுங்கள். இது இல்லாமல் பட்டன் வேலை செய்யாது.
3. ஆன் செய்த 5 விநாடிக்குள் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தி விடுங்கள். 5 விநாடி காத்திருங்கள்.
4. நிற்கவில்லை என்றால் இக்னிஷனை ஆஃப் செய்து 10 விநாடி விட்டு, மறுபடி ஆன் செய்து, இந்த முறை பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.
5. தட்டும் சுவிட்சானால் ஆன் செய்ததும் எதிர்ப்பக்கம் தட்டுங்கள்.

பெரும்பாலான அலாரங்கள் இந்த மூன்றில் ஒன்றுக்கு அடங்கிவிடும்.

அறிகுறி: வேலே பட்டனை அழுத்தியும் பலனில்லை

அதிகம் நடக்கும் தவறு நேரம். இக்னிஷன் ஆன் ஆனதிலிருந்து அலாரம் தரும் அவகாசம் பல மாடல்களில் 10 அல்லது 15 விநாடிதான். சத்தத்தில் பட்டனைத் தேடித் தடவுவதற்குள் அது போய்விடும். ஒரு கை பட்டனில் இருக்கும்போதே மறு கையால் சாவியைத் திருப்புங்கள்.

அடுத்த சாத்தியம் ரகசிய எண். சில அலாரங்களில் ஒன்று அல்லது இரண்டு இலக்க எண்ணைப் பட்டனாலேயே உள்ளிட வேண்டும். எண் 3 என்றால் மூன்று முறை அழுத்த வேண்டும். இரண்டு இலக்கமானால் முதல் இலக்கத்துக்கு அழுத்திவிட்டு, இக்னிஷனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்த பிறகு அடுத்த இலக்கம் என்பது ஒரு முறை. அந்த எண் பொருத்தியபோது தந்த அட்டையில் இருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் குறித்திருப்பார்கள். காகிதங்கள் கிடைக்கும் வரை கண்டபடி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். தொடர்ந்து தவறினால் சிறிது நேரத்துக்கு முயற்சியையே ஏற்காத மாடல்கள் உண்டு.

மூன்றாவது, அலாரத்துக்கு இக்னிஷன் ஆன் ஆனதே தெரியவில்லை. மூளைப் பெட்டிக்கு இக்னிஷன் ஒயர் தனியாக வரும். அதன் இணைப்பு தளர்ந்திருந்தாலோ, அந்த வரிசையின் ஃபியூஸ் போயிருந்தாலோ பட்டன் வெறும் பிளாஸ்டிக்தான். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் காரின் இரும்பில் தொட்டு, மூளைப் பெட்டியின் ஒயர்களில் பாருங்கள். இக்னிஷன் ஆஃபில் 0, ஆனில் 12 வோல்ட் காட்டும் ஒயர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சற்று இறங்கலாம், ஆனால் 0-க்கு விழக் கூடாது. ஒயரின் நிறத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஸ்டியரிங் ஏர்பேகுக்குப் போகும் மஞ்சள் உறை போட்ட ஒயர்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் அலாரத்தின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தலாம். மூளைப் பெட்டியிலிருந்து வரும் தடித்த ஒயரில், பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அல்லது பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகே, உருளை அல்லது தட்டை ஃபியூஸ் கூடு இருக்கும். 10 அல்லது 15 ஆம்பியர். அதை உருவினால் அலாரம் அடங்கும். சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் மட்டும் அடங்காது, அதைப் பிறகு பார்ப்போம். சென்ட்ரல் லாக்கும் இதே பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தால் அதுவும் நின்றுபோகும். கதவுகளைச் சாவியால் ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டியிருக்கும்.

அறிகுறி: தானாக நிற்கிறது, சற்று நேரத்தில் மறுபடி அலறுகிறது

ஐ.நா.வின் 116-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி செய்த அலாரம் ஒரு முறைக்கு 25 முதல் 30 விநாடிதான் ஒலிக்கும். மறுபடி ஒலிக்கப் புதிய காரணம் வேண்டும். வேறு அலாரங்களில் 60 விநாடி வரையும் உண்டு. ஆக, யாரும் தொடாமலேயே நின்று நின்று அலறுகிறது என்றால் ஏதோ ஒரு சென்சார் திரும்பத் திரும்பப் பொய் சொல்கிறது. ரிமோட் இருந்திருந்தால் ஆஃப் செய்துவிட்டுப் போயிருப்பீர்கள். இப்போது அந்தச் சென்சாரைக் கண்டுபிடிப்பதுதான் வழி.

முதல் சந்தேகம் பானெட் சுவிட்ச். மழை, தூசி, எஞ்சின் சூடு எல்லாம் படும் இடம் அது. பானெட் பூட்டுக்கு அருகே ரப்பர் தொப்பி போட்ட சிறிய பின்னாக இருக்கும், அல்லது பூட்டுக்குள்ளேயே இருக்கும். துருப்பிடித்தால் பானெட் மூடியிருந்தும் திறந்ததாகவே சொல்லும். பின்னை விரலால் பத்து முறை அழுத்தி விடுங்கள், காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள், ஒயர் முனையைச் சுத்தம் செய்யுங்கள். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, அழுத்தும்போதும் விடும்போதும் நிலை மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது.

பிளக்கைக் கழற்றிவிட்டால் போதுமா? காரைப் பொறுத்தது. தனி எர்த் இல்லாத ஒற்றை ஒயர்ப் பின் சுவிட்சில், திறக்கும்போது ஒயர் பாடியைத் தொட்டு அலாரத்தைத் தூண்டும். அங்கே கழற்றினால் அடங்கும். ஆனால் மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் கார்களில், கழற்றினால் பானெட் நிரந்தரமாகத் திறந்ததாகவே கணக்கு. கழற்றிய பிறகு நிலைமை மோசமானால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

கதவுச் சுவிட்சைச் சோதிப்பது இன்னும் எளிது. உள்விளக்கைக் கதவு நிலையில் வைத்து, எல்லாக் கதவையும் டிக்கியையும் சாத்திவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். விளக்கு அணையவே இல்லை என்றாலும், டேஷ்போர்டில் கதவு திறந்த படம் நிற்கிறது என்றாலும் குற்றவாளி அங்கேதான். ஒவ்வொரு கதவாகச் சற்று அழுத்திச் சாத்தி, எந்தக் கதவில் விளக்கு அணைகிறது என்று கண்டுபிடியுங்கள்.

வெளியில் பொருத்திய அலாரத்தில் அதிர்வு சென்சார் பெரிய தொல்லை. லாரி போனால், காற்றில் கார் கவர் படபடத்தால், பந்து பட்டால் எல்லாம் கத்தும். தீப்பெட்டி அளவுப் பெட்டி, பெரும்பாலும் நான்கு பின் பிளக், மேலே ஒரு சிறிய திருகு. திருகைக் குறைக்கும் பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, கதவுக் கண்ணாடியைக் கையால் தட்டிப் பாருங்கள். சென்சாரிலேயே இரண்டு சிறு விளக்குகள் இருந்தால் ஒன்று எச்சரிக்கை அளவையும் மற்றது முழு அலறலையும் காட்டும். புது ரிமோட் வரும் வரை அதன் பிளக்கைக் கழற்றியே வைத்தாலும் கதவு, பானெட் பாதுகாப்பு நீடிக்கும்.

உள்ளே அசைவைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தால் கண்ணாடி எல்லாம் முழுதாக ஏற்றியிருக்கிறதா பாருங்கள். கண்ணாடியில் தொங்கவிட்ட பொம்மையும், உள்ளே மாட்டிக்கொண்ட ஈயும்கூட அதற்குத் திருடன்தான்.

கடைசியாக, பேட்டரி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கார் நின்று சில மணி நேரம் ஆன பிறகு முனைகளில் 12.6 வோல்ட்டுக்கு அருகே இருக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டால், மின்னழுத்தம் திடீரென விழுவதை யாரோ ஒயரை அறுப்பதாக எடுத்துக்கொள்ளும் அலாரங்கள் உண்டு. அதிகாலைக் குளிரில் மட்டும் அலறும் காரில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான். விளக்கும் சைரனுமாகப் பலமுறை கத்திய பேட்டரி மேலும் இறங்கும், இறங்க இறங்க மேலும் கத்தும். சார்ஜ் ஏற்றினாலே அடங்கிய கார்கள் பல.

அறிகுறி: அடக்கி ஓட்டிச் சென்றாயிற்று, நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி அலறல்

வெளியில் பொருத்திய பல அலாரங்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். இக்னிஷன் ஆஃப் ஆகி, கடைசிக் கதவு சாத்தி, ஏறத்தாழ 30 விநாடியில் காவலுக்கு நின்றுவிடும். ரிமோட் இல்லாதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதுவும் பெட்ரோல் போட இறங்கிய இடத்தில்.

புது ரிமோட் வரும் வரை அலாரத்தை வேலே நிலையில் வைப்பதே தீர்வு. அலாரம் அடங்கிய பிறகு இக்னிஷனை ஆன் செய்து, பட்டனை 5 விநாடி அல்லது எல்இடி சிமிட்டாமல் நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் ஆன் செய்து ஆஃப் செய்த பிறகு பிடிக்க வேண்டும். எல்இடி நிலையாக எரிந்தால் அலாரம் தூங்குகிறது என்று பொருள். அந்த நாட்களில் காரில் விலையுள்ள எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

இதையே தலைகீழாகவும் புரிந்துகொள்ளலாம். புது ரிமோட் வாங்கிய பிறகும் அலாரம் பூட்டவே மறுக்கிறது, எல்இடி அணையாமல் எரிகிறது என்றால் பழுது இல்லை. வேலே நிலையிலிருந்து வெளியே எடுக்க மறந்திருக்கிறீர்கள்.

அறிகுறி: பேட்டரி ஒயரைக் கழற்றியும் அலறுகிறது

சைரனுக்குள்ளேயே தனியாக ஒரு சிறிய ரீசார்ஜ் பேட்டரி இருக்கிறது. ஒயரை அறுத்தால் அலற வேண்டும் என்பதற்காகவே வைத்தது. எனவே முதல் வேலையாகக் கார் பேட்டரியைத் திரும்ப மாட்டுங்கள். மின்சாரம் வந்த பிறகு மேலே சொன்ன வழியில் அலாரத்தை விடுவியுங்கள்.

விடுவிக்கவே முடியாத நிலையானால் சைரனைத் தேடுங்கள். வெளியில் பொருத்திய வகையில் அதன் உடலில் சிறிய வட்டச் சாவித்துளை இருக்கும். அலாரப் பெட்டியோடு வந்த இரண்டு குட்டிச் சாவிகள் அதற்குத்தான். பலர் எதற்கென்றே தெரியாமல் தூக்கிப் போட்டிருப்பார்கள். முதலில் சாவியால் ஆஃப் நிலைக்குத் திருப்பி, அதன் பிறகு ஒயரைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் அலறும். குட்டிச் சாவி இல்லை என்றால் சைரனைத் தாங்கியிலிருந்து கழற்றி, அதன் வாயில் தடித்த துணியைத் திணித்து, கனமான போர்வையில் சுற்றி வையுங்கள். உள் பேட்டரி தீரும்போது ஓயும்.

கம்பெனி சைரனில் இன்னொரு தொல்லை உண்டு. கார் பழையதாகும்போது அந்த உள் பேட்டரி கசிந்து, சைரனின் சர்க்யூட்டை அரித்துவிடும். அப்போது காரைப் பூட்டாத நேரத்திலும், இக்னிஷன் ஆனில் இருக்கும்போதும்கூட, கரகரத்த குரலில் தானாகவே ஒலிக்கும். அது அலாரத்தின் குற்றம் இல்லை, சைரனையே மாற்ற வேண்டும். பெரும்பாலும் முன் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டும் என்றால்

ஹாரன் வழியாக அலறும் கம்பெனி அலாரத்துக்கு பேட்டரி வரை போக வேண்டியதில்லை. எஞ்சின் பக்க ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தில் ஹாரன் என்று குறித்த ஃபியூஸை உருவினால் சத்தம் போய்விடும். பெரும்பாலும் சிவப்பு 10 ஆம்பியர் அல்லது நீல 15 ஆம்பியர். பிளாஸ்டிக் இடுக்கி அதே பெட்டிக்குள் செருகியிருக்கும். இண்டிகேட்டர் விளக்குகள் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கும், அலாரமும் விடுபடவில்லை. ஆனால் அக்கம்பக்கம் தூங்கும். ஹாரன் இல்லாமல் சாலையில் ஓட்டாதீர்கள், கிளம்பும் முன் திரும்பச் செருகிவிடுங்கள்.

பேட்டரியையே கழற்றுவதானால் எஞ்சின் ஓடாத நேரத்தில் மட்டும். ஓடும்போது கழற்றினால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் எகிறி எலெக்ட்ரானிக்ஸ் எரிந்துபோகலாம். பெரும்பாலான கார்களில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். மைனஸ் முனை மட்டும். கழற்றிய முனையைத் துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். மைனஸ் முனையில் சிறிய பிளக்கோடு சென்சார் இருந்தால் அதை நெம்ப வேண்டாம். பேட்டரி டிக்கியில் இருக்கும் காரானால் டிக்கியை மூடிவிடாதீர்கள். மின்சாரம் இல்லாமல் அது திறக்காமல் போகலாம். திரும்ப மாட்டும்போது சாவியோடு ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கட்டும். அலறல் தொடங்கியதும் இக்னிஷனை ஆன் செய்ய வேண்டும். பிறகு கண்ணாடிகளின் ஒரு-தட்டு இயக்கத்தை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும்.

அறிகுறி: சத்தம் நின்றது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் அடிக்கும்போது கடகடவென்று ரிலே மட்டும் தட்டினால் பேட்டரி இறங்கிவிட்டது. ஜம்ப் கேபிளோ சார்ஜரோ போடுங்கள்.

சாவி வடிவ விளக்கு சிமிட்டுகிறது, அல்லது எஞ்சின் பிடித்து ஓரிரு விநாடியில் அணைகிறது என்றால் கம்பெனி இமொபிலைசர், அதாவது சாவியின் சிப்பைச் சரிபார்க்காமல் எஞ்சினை ஓட விடாத பூட்டு, சாவியை ஏற்கவில்லை. ஃபியூஸை உருவுவதாலோ பேட்டரியைக் கழற்றுவதாலோ இதை ஏமாற்ற முடியாது, அதற்காக ஒயர்களை அறுக்கத் தொடங்கினால் செலவுதான் பெருகும். பதிவு செய்த சாவி வேண்டும்.

விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் சத்தமே இல்லை, வெளியில் பொருத்திய அலாரம் உண்டு என்றால், அது ஸ்டார்ட்டர் ஒயரின் நடுவே வைத்த ரிலே தடுத்து நிற்கிறது. அலாரத்தைச் சரியாக விடுவித்தால் இதுவும் விடும். ஃபியூஸை உருவி அடக்கியவர்களுக்குச் சில மாடல்களில் இந்தத் தடை அப்படியே நிற்கும். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, வேலே வழியில் முயலுங்கள். முடியவில்லை என்றால் காரின் பதிவுச் சான்றோடு அலாரம் பொருத்துநரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: சாவியும் இல்லை, ரிமோட்டும் இல்லை, பூட்டிய கார் அலறுகிறது

வெளியிலிருந்து செய்யக்கூடியது மிகக் குறைவு. கதவை இழுத்துப் பார்ப்பதும் கண்ணாடியைத் தட்டுவதும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். கையை எடுத்துவிடுங்கள், அந்தச் சுற்று முடிந்து ஓயும். காரோடு இணைந்த மொபைல் ஆப்பை முன்பே பதிவு செய்திருந்தால் அதிலிருந்து அன்லாக் கொடுத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட கார்களில் ரிமோட்டில் திறந்ததற்குச் சமம் அது. ஆப் இல்லை என்றால் கார்ப் பூட்டுத் தொழிலாளிதான். காரின் அடியில் படுத்து ஒயர் அறுக்கும் யோசனை வேண்டாம்.

அறிகுறி: பெட்டியில் கிடந்த பழைய ஸ்பேர் ரிமோட் வேலை செய்யவில்லை

பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் 3 வோல்ட் பட்டன் செல், சிஆர்2032 அல்லது சிஆர்2016. பழைய தனி ரிமோட்டுகளில் 12 வோல்ட் உருளை, ஏ23 அல்லது ஏ27. செல்லில் எழுதியிருக்கும் எண்ணையே வாங்குங்கள். சிஆர்2016-க்கும் சிஆர்2032-க்கும் தடிமன் இரண்டு மடங்கு வேறுபாடு, மாற்றிப் போட்டால் தொடர்பு கிடைக்காது. அதன் பிறகும் ரிமோட்டில் விளக்கு எரிந்து கார் கேட்கவில்லை என்றால், காரின் அருகில் நின்று திறக்கும் பட்டனை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண் மாறும் ரிமோட்டுகள் இவை. காருக்கு எட்டாத தூரத்தில் பலமுறை அழுந்தியிருந்தால் கணக்கு தவறிவிடும். தொடர்ந்து வரும் இரண்டு சரியான எண்களைக் கேட்டதும் பல அலாரங்கள் மறுபடி ஒத்துப்போகும்.

புது ரிமோட் வாங்கும்போது

அதிர்வெண் பொருந்த வேண்டும். 315 மெகாஹெர்ட்ஸும் 433.92 மெகாஹெர்ட்ஸும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. மூளைப் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு அதற்குரிய ரிமோட்டையே கேளுங்கள். இன்னொரு ரிமோட்டை எதிரே வைத்துப் பிரதியெடுக்கும் மலிவான காப்பி ரிமோட் நிலையான எண் அனுப்பும் பழைய வகைக்கு மட்டுமே பயன்படும். எண் மாறும் வகையை அதில் பிரதியெடுத்தால் கிடைப்பது உதவாத பட்டன்தான்.

வெளியில் பொருத்திய அலாரத்தில் பதிவு செய்வது நீங்களே செய்யக்கூடியது: இக்னிஷன் ஆன், வேலே பட்டனை மாடலுக்குரிய எண்ணிக்கையில் அழுத்துதல், சைரன் பீப் கொடுத்ததும் புது ரிமோட்டின் பட்டனை அழுத்துதல், உறுதிப்படுத்தும் பீப். கம்பெனி ரிமோட்டுக்குப் பெரும்பாலும் ஸ்கேனர், அதாவது காரின் கணினியோடு இணைக்கும் கருவி, வேண்டும். அதற்காக சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது மீதமுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். பல கார்களில் பதிவு செய்யும்போது பழைய பட்டியல் அழிந்து, அன்று காட்டிய சாவிகள் மட்டுமே நிலைக்கும்.

தொலைந்த ரிமோட்டை அழித்துவிடச் சொல்லுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். அது யார் கையிலாவது கிடைத்தால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பதை ஒரு அழுத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். எல்லா ரிமோட்டையும் அழிக்கும் வழி மாடலின் கையேட்டில் இருக்கும். அந்த வழி இல்லாத மாடலில், நினைவு நிறையும்போது பழையது வெளியேறும். நினைவில் நான்கு இடம் என்றால் புது ரிமோட்டையே நான்கு முறை பதிவு செய்யும் உத்தி சிலவற்றில் பலிக்கும். சரியாக அழிந்ததா என்று பார்க்க, உங்களிடம் உள்ள இன்னொரு பழைய ரிமோட்டைப் பதிவு செய்யாமல் வைத்து அழுத்திப் பாருங்கள். கார் பதில் சொல்லக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. ஓட்டுநர் கண்ணாடியைக் கை நுழையும் அளவு இறக்கி வைத்து, புது ரிமோட்டால் பூட்டுங்கள். ஒரு நிமிடம் விட்டு, உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்து அலற விடுங்கள். இப்போது ரிமோட்டைத் தொடாமல், இக்னிஷனையும் வேலே பட்டனையும் மட்டும் வைத்து அடக்குங்கள். எத்தனை விநாடிக்குள், எத்தனை அழுத்தம் என்று ஒரு தாளில் எழுதி, காருக்குள் அல்ல, உங்கள் பர்ஸில் வையுங்கள்.